வட்டு பிதுங்கியிருக்கிறது, குதிரையை விற்றுவிடு என்கிறார்கள்

14 ஜூன் 2024 – வள்ளியூர் வாசகர் கேட்டது

வயது 31. கீழ் முதுகில் வலி தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல்4–எல்5, அதாவது கீழ்முதுகின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு, பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறது. மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "குதிரையை விற்றுவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அம்மாவுக்கு அது போதும், தினமும் அதையே சொல்கிறார். அந்தியூரில் வாங்கிய மார்வாரி இனக் கலப்பு, ஏழு வயது ஆண் குதிரை. குதிரை ஏறியதால்தான் வட்டு பிதுங்கியதா? வலியோடு ஏறுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

14 ஜூன், இரவு

நான் ஒருத்தி இருக்கிறேன். சேரன்மகாதேவிப் பக்கம். ஐம்பதை நெருங்கும் வயது, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை, ஒரு செவலைப் பெண் குதிரை, எல்5–எஸ்1 என்று அறிக்கையில் போட்டிருக்கும் இடத்தில் ஒரு வலி. குதிரைக்கும் வலிக்கும் எது மூத்தது என்றால் வலிதான். ஆகவே என் வலிக்குக் குதிரை காரணமில்லை. உங்கள் வலிக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. படம் பார்த்த மருத்துவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் 96 சதவீதம். பிதுக்கம் மட்டும் எடுத்தால் 20 வயதில் 30, 80 வயதில் 84 சதவீதம். அத்தனை பேரும் வலி இல்லாமல் நடமாடியவர்கள். படத்தில் பிதுக்கம் தெரிகிறது என்பதற்காகக் குதிரையை விற்பதென்றால், திருநெல்வேலி டவுனில் பாதிப் பேர் எதையாவது விற்க வேண்டியிருக்கும்.

இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். காலில் மரமரப்போ பலக்குறைவோ இருக்கிறதா? குதிகாலால் நான்கு அடி நடக்க முடிகிறதா? இன்னொன்று, இது கேள்வி அல்ல: சேணத்தில் உட்காரும் இடம் எதுவோ அந்த இடம் மரத்துப்போனால், சிறுநீர் கட்டிக்கொண்டால் அல்லது தெரியாமல் போனால், யாரிடமும் யோசனை கேட்காமல் அந்த மணிநேரமே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம் அது. தாமதித்தால் போனது திரும்பாது.

15 ஜூன்

கேள்வி கேட்ட வள்ளியூர்த் தம்பி பதில் எழுதியிருக்கிறார். காலில் ஒன்றும் இல்லை, குதிகாலால் நடக்க முடிகிறது, வலி இடுப்போடு நின்றுவிடுகிறது. நல்லது. அப்படியென்றால் பேசலாம்.

16 ஜூன்

குதிரை மேல் நான் இருப்பது நாளில் ஒரு மணி நேரம்கூட வராது. மீதி நேரமெல்லாம் குதிரைக்குக் கீழே. லத்தி (குதிரைச் சாணம்) அள்ளுவது, தண்ணீர் சுமப்பது, தவிட்டு மூட்டையை இறக்குவது, புல்லுக்கட்டை அவிழ்ப்பது. என் இடுப்பைப் பிடித்துக்கொண்ட நாட்களை நினைத்துப் பார்த்தால் சேணத்தின் மேல் பிடித்தது மிகக் குறைவு. தரையில்தான் எல்லாம்.

குளம்பு சுத்தம் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரையின் தோளை ஒட்டி, அதன் வால் பக்கம் பார்த்து நின்று, முன்காலின் பின்புறமாகக் கையை இறக்கிக் கணுவைப் பிடித்தால் காலைத் தூக்கித் தரும். தருவதோடு நிற்காது. தன் எடையில் ஒரு பங்கை நம் கையில் சாய்த்துவிட்டு ஓய்வெடுக்கும். என் செவலைக்கு இது கைவந்த கலை. நாம் பாதி மடங்கியபடி, ஒரு கையில் குளம்பும் மறு கையில் இரும்புக் கொக்கியுமாக, அடியில் மெத்தென்றிருக்கும் முக்கோணத்தின் இரு பக்கப் பள்ளங்களிலும் அடைந்த மண்ணைக் கெல்லி எடுக்க வேண்டும். எங்கள் ஆற்றங்கரை வண்டல் காய்ந்துவிட்டால் உளி கேட்கும். இடையில் நாற்றம் வருகிறதா என்று முகர்ந்தும் பார்க்க வேண்டும், ஈரத்தில் நின்ற குளம்பு அழுகத் தொடங்கினால் முதலில் தெரிவது நாற்றத்தில்தான். இப்படி நாலு கால். நாலாவதை இறக்கிவிட்டு நிமிரப் பார்க்கும்போது இடுப்பு வராது. பழியெல்லாம் அதற்குப் பிறகு செய்யும் சவாரியின் மேல் விழும்.

மருத்துவர்கள் "குதிரை ஏறுகிறீர்களா" என்று கேட்கிறார்கள். "லத்தி யார் அள்ளுகிறார்கள்" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

17 ஜூன்

முக்காலி போட்டு உட்கார்ந்து குளம்பு சுத்தம் செய்யலாமே என்று ஒருவர். கூடாது. குதிரை அருகில் உட்காரவோ மண்டியிடவோ கூடாது, அது மிரண்டால் நம்மால் விலக முடியாது. முதுகைக் காப்பாற்றப் போய் மண்டையைக் கொடுக்க வேண்டாம். நான் செய்வது இதுதான்: இடுப்பை வளைக்காமல் இரு முழங்காலையும் மடக்கி, குளம்பை என் தொடைமேல் தாங்குகிறேன். முன்னங்கால் இரண்டும் ஒரு தடவை, சிறிது நடந்துவிட்டுப் பின்னங்கால் இரண்டும். நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

19 ஜூன்

பேட்டை அண்ணாச்சி, தாங்கள் ஜட்கா ஓட்டிய காலத்தில் முதுகுவலி என்று ஒன்றே கிடையாது என்று எழுதியிருக்கிறார். அண்ணாச்சி, என் அப்பாவும் ஜங்ஷனில் ஜட்கா ஓட்டியவர்தான். ராத்திரி திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "மேலே ஏறி மிதி" என்று என்னைக் கூப்பிடுவார். எனக்கு அப்போது ஆறேழு வயது. அதற்கு அவர் இடுப்புப் பிடிப்பு என்று பெயர் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

23 ஜூன்

ஆனி பிறந்ததும் காற்று எடுத்துவிட்டது. சேரன்மகாதேவியிலேயே இந்தப் பாடு என்றால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருவதை நேராக வாங்கும் வள்ளியூர், பணகுடிப் பக்கம் சொல்லவே வேண்டாம். தம்பிக்கு ஒரு வார்த்தை: இந்த இரண்டு மாதம் மாலைச் சவாரியை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பை ஒன்று பறந்தால் போதும், குதிரை பக்கவாட்டில் ஒரு எட்டுத் துள்ளும். நல்ல முதுகு அதைத் தாங்கிக்கொள்ளும். நம் முதுகு எதிர்பாராத திருப்பத்தை மன்னிப்பதில்லை.

30 ஜூன்

காலையா மாலையா என்று பலர் கேட்டிருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் அதிகம் அல்லாடியது இதில்தான்.

நம் ஊரில் குதிரை ஏறும் நேரத்தை வெயில் தீர்மானிக்கிறது. பங்குனி தொடங்கினால் எட்டு மணிக்கு மேல் குதிரையை வெளியே எடுப்பது பாவம். ஆகவே விடியும் முன் சேணம் கட்டி, கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு சுற்றுப் போய் வெயில் ஏறும் முன் திரும்பிவிட வேண்டும். குதிரைக்கு அதுதான் நல்லது.

முதுகுக்கு அதுதான் கெட்டது. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் நாம் மாலையைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான். பருத்து விறைத்திருக்கும் அந்த நேரத்தில் குனிந்தால் வட்டின் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குனியாமல் இருக்கப் பழகியவர்களுக்கு வலி நாட்கள் குறைந்ததை 1998இலேயே ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் குதிரை வைத்திருப்பவரின் முதல் ஒரு மணி நேரமே குனியும் வேலைதான்.

இரண்டையும் ஒத்துப்போக வைக்க நான் முயலாத வழியில்லை. இப்போது நடப்பது: நாலு மணிக்கு எழுந்துவிடுகிறேன். எழுந்ததும் எதையும் தூக்குவதில்லை. தெருவில் நடக்கிறேன், நாய்கள் பழகிவிட்டன. தீவனத் தொட்டியை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கட்டியிருப்பதால் ஊறவைத்த கொள்ளை நின்றபடியே போடலாம். குளம்பைச் சுரண்டும் பெரிய வேலையை முந்திய நாள் மாலையே முடித்துவிட்டு, காலையில் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். லத்தி ஒன்பது மணி வரை காத்திருக்கும். அதை நீள்கைப்பிடி மண்வாரியால் அள்ளுவது இப்போது வீட்டுக்காரர். அவர் முதுகு நன்றாக இருக்கிறது, இதுவரை.

1 ஜூலை

வீட்டுக்காரர் படித்துவிட்டார். "இதுவரை" என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை.

7 ஜூலை

சென்ற மாதம் ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு வெளிவந்திருக்கிறது. முதுகுவலி வந்து குணமான 701 பேரை இரு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்குப் படிப்படியாக நடைப்பயிற்சி கொடுத்தார்கள், வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்ற அளவை நோக்கி. மறு கூறுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் செய்யாதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் வலி திரும்பிவிட்டது. நடந்தவர்களில் பாதிப் பேருக்குத் திரும்ப 208 நாள் ஆனது. நோகாத வைத்தியம், காசும் கிடையாது. எனக்கு இதில் பிடித்தது வேறு: குதிரையோடு நடந்தாலும் நடைதானே. திரும்பும் வழியில் கடைசிப் பகுதியை இப்போது இறங்கி, கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வருகிறேன். செவலைக்கும் மூச்சு ஆறுகிறது. எதிரே வருகிறவர்கள்தான், "ஏன்மா, கீழே தள்ளிவிட்டதா" என்று அக்கறையோடு கேட்கிறார்கள்.

12 ஜூலை

உளுந்தங்களி பற்றி இதுவரை ஒருவரும் எழுதாதது ஆச்சரியமாக இருந்தது, இன்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். தின்கிறேன். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, வாரம் தவறாமல். வலி குறைந்ததா என்று கேட்டால், அந்த அரை மணி நேரம் வலியை நினைப்பதில்லை.

பத்தமடைப் பாயில் தரையில் படுக்கச் சொன்னவருக்கு மட்டும் மறுப்பு. பாயின் மேல் குறையில்லை, பக்கத்து ஊர்ப் பாய், என் வீட்டில் மூன்று இருக்கின்றன. ஆனால் கட்டாந்தரைதான் இடுப்புக்கு நல்லது என்பது நாம் பரம்பரையாகச் சொல்லிவருவது, அவ்வளவே. ஸ்பெயினில் நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வில், மிக உறுதியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது. எனக்கும் அப்படித்தான். பாயை மெத்தை மேல் விரித்துப் படுக்கிறேன், இரு கட்சிக்கும் பொதுவாக.

வர்ம வைத்தியம், தைலம், ஒற்றடம் பற்றிக் கேட்டவர்களுக்கு: நொச்சி இலை ஒற்றடம் இதமாக இருக்கிறது, சூடு தசையை இளக்குகிறது. தைலம் தேய்க்கிற கைக்குத் தகுந்த மாதிரி. முதுகெலும்பை யாரிடமும் கொடுத்துச் சடக்கென்று திருப்பச் சொல்லாதீர்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்ல இல்லை.

21 ஜூலை

சவாரி பற்றியே எழுதவில்லை என்று குறை. எழுதுகிறேன்.

நடை நல்லது. குதிரை நடக்கும்போது ஏறியிருப்பவரின் இடுப்பு முன்பின், மேல்கீழ், பக்கவாட்டு என மூன்று வாக்கிலும் அசைகிறது, நாம் நடக்கும்போது அசைவதை மிகவும் ஒத்த அசைவு. கை கால் இயக்கம் குறைந்த குழந்தைகளைக் குதிரை மேல் உட்காரவைத்துப் பயிற்சி கொடுப்பது இதை வைத்துத்தான். வலி இருக்கும் நாளில் அரை மணி நேரம் வெறும் நடை போய்விட்டு இறங்கினால், ஏறியபோது இருந்ததைவிட எனக்கு இடுப்பு இளகியிருக்கிறது.

டிராட் என்ற குலுக்கல் ஓட்டம்தான் எமன். மூலைக்கு மூலையாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும், நடுவில் நாலு காலும் ஒரு கணம் தரையில் இருக்காது. உட்கார்ந்தே போனால் ஒவ்வொரு அடியும் நேராக இடுப்பில் இறங்கும். எழுந்து உட்கார்ந்து போகப் பழகாதவர்கள், முதுகு நன்றாக இருந்தாலும் பழகிக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த வேகமான கேண்டர் டிராட்டைவிட எனக்கு எளிது, மூன்று தாளத்தில் ஊஞ்சல் மாதிரி. ஆனால் கேண்டரிலிருந்து நிறுத்தும்போது நடுவில் நாலைந்து அடி டிராட் வந்தே தீரும். அந்த நாலைந்து அடிக்காகவே பல நாள் கேண்டர் போவதில்லை.

சேணத்தில் கால் நுழைக்கும் அங்கவடியின் நீளத்தையும் பாருங்கள். மிகக் குட்டையாக இருந்தால் நாற்காலியில் சாய்ந்த நிலை வந்துவிடும், இடுப்பு பின்னால் உருண்டு முதுகு கூன் விழும். மிக நீளமாக இருந்தால் எட்டி எட்டித் தேடிக் கீழ்முதுகு குழியும். இரண்டுமே நமக்கு ஆகாது. கல்யாணக் குதிரைக்காரர்களிடம் வாங்கும் சேணங்களில் வாருக்கு இரண்டே துளைகள்தான் இருக்கும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நடுவில் துளை போட்டுக்கொள்ளலாம்.

22 ஜூலை

ஏறுவதும் இறங்குவதும் விட்டுப்போனது. தரையிலிருந்து தாவி ஏறுவதில் வீரம் ஒன்றும் இல்லை. குதிரையின் முதுகையும் ஒரு பக்கமாக இழுக்கிறது, நம்மையும் முறுக்குகிறது. எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து ஏறுகிறேன். வெளியூரில் மதகுச் சுவர். இறங்கும்போது இரு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்து, சேணத்தில் வயிற்றைச் சாய்த்து வழுக்கி, முழங்கால் மடங்க இறங்க வேண்டும்.

28 ஜூலை

வலி மாத்திரை பற்றி. தினமும் ஒன்று போட்டுக்கொண்டு ஏறுகிறேன் என்று ஒருவர் சாதாரணமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். டைக்லோஃபெனாக் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும். வியர்த்துக் கொட்டும் நம் வெயிலில், தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு போட்டால் இன்னும் சீக்கிரம். நரம்பு வலிக்கு எனக்குப் பிரிகாபலின் எழுதிக் கொடுத்தபோது தலை சுற்றியது. அந்த நாட்களில் குதிரை ஏறவில்லை, ஸ்கூட்டரையும் தொடவில்லை.

குதிரைக்குப் போடும் வலி மருந்தையே கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டவர் வேடிக்கைக்குக் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். குதிரைக்குக் கொடுக்கும் ஃபினைல்பியூடசோன் எலும்பு மச்சையைப் பாதித்து ரத்த அணுக்களை அழிக்கக்கூடியது. பல நாடுகளில் மனிதர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தியே பல காலம் ஆகிறது. குதிரையின் மாத்திரை குதிரைக்கு.

11 ஆகஸ்ட்

ஆடி மாதம், எல்லோருக்கும் அந்தியூர் நினைப்பு. குருநாதசாமி கோவில் சந்தையில் முதுகுவலிக்காரருக்கு ஏற்ற குதிரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேள்வி. நம் ஆட்கள் சுழி பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள், நுக்ரா என்ற வெள்ளைக் குதிரை என்றால் விலையை ஏற்றுவார்கள். நீங்கள் நடையைப் பாருங்கள். மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளில் சிலவற்றுக்கு ரேவால் என்ற நடை பிறவியிலேயே உண்டு. ஒரு பக்கத்துக் கால்கள் அடுத்தடுத்து விழும், வேகம் இருக்கும், குலுக்கல் இருக்காது. அப்படி ஒரு குதிரை கிடைத்தால் சுழி எங்கே இருந்தாலும் வாங்கிவிடுங்கள். என் செவலைக்கு ரேவால் கிடையாது. நல்ல குணம் உண்டு. இரண்டும் சேர்ந்த குதிரைக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

விலை பேசும் முன் முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களால் அழுத்திக்கொண்டே போங்கள். குதிரை முதுகைக் கீழே அமுக்கினாலோ காதை மடக்கினாலோ அதற்கும் நம் நோய்தான். முதுகுவலிக்காரரும் முதுகுவலிக் குதிரையும் சேர்ந்தால் வீடு விளங்காது.

18 ஆகஸ்ட்

மேலே எழுதியதைத் தொடர்ந்து. சேணம் கட்டும்போது கடிக்க வருகிறது, வயிற்று வாரை இறுக்கும்போது பின்காலை உதறுகிறது, இதைத் திமிர் என்று நினைத்து அடிக்கிறார்கள். பெரும்பாலும் வலி. சேணத்தின் முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில், ஆள் ஏறிய பிறகும், இரண்டு மூன்று விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம்.

குதிரைக்கு முதுகு வலித்தால் அது விறைத்து நடக்கும், அந்த விறைப்பு நம் இடுப்புக்கு வரும். ஆகவே முதலில் அதன் வலி, பிறகு நம் வலி.

19 ஆகஸ்ட்

லாடம் அடிப்பவர் கிடைக்கவில்லை என்ற புலம்பல் இன்றுதான் தொடங்கியது என்று நினைக்காதீர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தைப் பார்த்த மார்கோ போலோ, கடல் வழியாக வரும் குதிரைகள் பாண்டிய நாட்டில் சீக்கிரம் செத்துப்போவதைச் சொல்கிறார். லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை வியாபாரிகள் அவர்களைக் கூட்டி வருவதுமில்லை, வர விடுவதுமில்லை, செத்தால்தானே மறுவருடமும் விற்கலாம். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டதாகவும் எழுதியிருக்கிறார். நம் விருந்தோம்பல் எல்லை கடந்தது.

இதற்கும் முதுகுக்கும் சம்பந்தம் உண்டு. குளம்பின் முன்நுனி நீண்டுவிட்டால் குதிரை இடறும். இடறும் ஒவ்வொரு முறையும் நாம் முன்னால் போய்ப் பின்னால் வருகிறோம். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டியாக வேண்டும். நான் வெளியூரிலிருந்து ஆளை வரவழைக்கிறேன், அக்கம்பக்கத்துக் குதிரைகளுக்கும் சேர்த்து ஒரே நாளில், பஸ் செலவைப் பகிர்ந்துகொண்டு.

15 செப்டம்பர்

தேரி மணல் மெத்தென்று இருக்குமே, அங்கே ஓட்டினால் முதுகுக்கு நல்லதா என்று திசையன்விளைப் பக்கத்து வாசகர். நமக்கு மெத்தென்றுதான் இருக்கும். குதிரைக்குக் காலின் தசைநார்கள் அறுந்துபோகும். ஆழ்மணலில் நடை மட்டும், அதுவும் கொஞ்சம். உவரிக் கடற்கரையில் அலை நனைத்து இறுகிய மணல் இருவருக்கும் பொது.

13 அக்டோபர்

நேற்று விஜயதசமி. எங்கள் ஊரில் பரிவேட்டைக்குச் சாமி மரக்குதிரையில் எழுந்தருளினார். சாமியைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளில் ஒருவர் திரும்பி வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். ஊரில் எனக்கு இப்படி ஒரு பெயர் ஆகிவிட்டது. நொச்சி இலை பறித்துக் கொடுத்தேன்.

19 அக்டோபர், காலை

வள்ளியூர்த் தம்பி நேற்று ராத்திரி எழுதியதை இப்போதுதான் பார்க்கிறேன். வலி முன்னைவிடக் குறைந்துவிட்டதாகவும், ஒரு வாரமாக நடக்கும்போது வலது கால் செருப்பு மட்டும் தானாகக் கழன்று விழுவதாகவும் வேடிக்கை போல எழுதியிருக்கிறார்.

தம்பி, வேடிக்கை இல்லை. முன்பாதத்தைத் தூக்கும் பலம் போய்க்கொண்டிருக்கிறது. எல்4–எல்5 வட்டு அழுத்தும் நரம்பு அந்தத் தசைக்குப் போகும் நரம்புதான். வலி குறைந்தது நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. வலது குதிகாலால் நடந்து பாருங்கள். முடியவில்லை என்றால் இங்கே பதில் எழுத வேண்டாம், இன்றே நரம்பியல் அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். குதிரை மேல் ஏறாதீர்கள். பைக்கும் வேண்டாம், யாரையாவது காரில் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

19 அக்டோபர், மாலை

போய்விட்டார். அவருடைய அக்கா எழுதியிருக்கிறார். சேர்த்துக்கொண்டார்கள்.

20 அக்டோபர்

நிறையப் பேர் ஜூன் 14ஆம் தேதிக் குறிப்பைத் தோண்டி எடுத்து, "அந்த 37, 84 சதவீதமெல்லாம் இப்போது என்ன ஆயிற்று" என்று கேட்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை. படத்தில் பிதுக்கம் தெரிவதற்கும் வலிக்கும் உள்ள தொடர்பு அன்று எவ்வளவு தளர்வோ இன்றும் அவ்வளவே. ஆனால் அந்தக் கணக்கு வலி பற்றியது. பலம் குறைவது வேறு பேரேடு. அன்று குதிகால் நடையைக் கேட்டேன், "முடிகிறது" என்றார், நிம்மதியாகிவிட்டோம். நான்கு மாதத்துக்கு முந்திய "முடிகிறது" இன்று செல்லாது. முதுகுவலியோடு ஏறுகிறவர்கள் மாதம் ஒருமுறையாவது குதிகாலால் கொஞ்சம், முன்விரலால் கொஞ்சம் நடந்து பாருங்கள். சேணம் கட்டும் முன் திண்ணை ஓரத்தில் செய்துவிடலாம். நானும் இன்று முதல்.

அந்த மருத்துவர் சொன்னது அப்போதே சரிதானே என்று வாதம் செய்கிறவர்களுக்கு: அவர் குதிரையை விற்கச் சொன்னார். எந்த அடையாளம் தெரிந்தால் ஓடி வர வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டாவதைச் சொல்லியிருந்தால் செருப்பு முதல் தடவை விழுந்த அன்றே போயிருப்பார்.

3 நவம்பர்

தீபாவளி வெடிக்குச் செவலை மூன்று நாள் லாயத்தைவிட்டு வரவில்லை. நானும் ஏறவில்லை. ஏறாத மூன்று நாளும் வலி அதிகம். எதற்கும் நிரூபணமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், சங்கத்தில் அரையாண்டுக் கணக்கு முடிக்க நாள் முழுக்க நாற்காலியிலும் இருந்தேன்.

24 நவம்பர்

தம்பியே எழுதியிருக்கிறார். அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து வாரம். பாதம் தூக்க வருகிறது, முழுப் பலம் இன்னும் இல்லை. எப்போது ஏறலாம் என்று என்னிடம் கேட்கிறார். என்னிடம் கேட்காதீர்கள். அறுவை செய்தவரிடமும் உடற்பயிற்சி சொல்லித்தருபவரிடமும், "குதிரை ஏறலாமா" என்று மட்டும் கேட்டால், "கூடாது" என்று முடித்துவிடுவார்கள். நடையில் அரை மணி எப்போது, டிராட் எப்போது, தீவன மூட்டை எப்போது என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூட்டைதான் கடைசியில் வரும் என்பது என் ஊகம்.

1 டிசம்பர்

இப்போதைய கேள்வி, அதுவரை குதிரையை என்ன செய்வது. அம்மா மறுபடி விற்கச் சொல்கிறாராம். அம்மாவின் பயம் நியாயமானது, எதிர்த்துப் பேசாதீர்கள். குதிரையை நான் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். முடியாது தம்பி, ஒரு குதிரையின் லத்திக்கே வீட்டுக்காரர் இந்தப் பாடு படுத்துகிறார்.

சித்தப்பா மகன் தீவனம் வைக்கிறான் என்றீர்கள். அவனுக்கு ஏறத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்தவும் ஓட்டவும் கற்றுக்கொடுங்கள், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுங்கள். வட்டம் பெரிதாக இருக்கட்டும், சின்ன வட்டம் மூட்டுக்குக் கேடு. இடம் வலம் இரண்டு பக்கமும் சம நேரம். கொள்ளைப் பாதியாகக் குறைத்து வைக்கோலையும் புல்லையும் கூட்டுங்கள், வேலையில்லாத குதிரைக்குக் கொள்ளு போட்டால் கொழுப்பு ஏறிக் கையில் நிற்காது. மழை ஓய்ந்த பிறகு தொடங்கினால் போதும், வழுக்கும் தரையில் வேண்டாம். கயிற்றைப் பையன் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மடித்துத்தான் பிடிக்க வேண்டும். கையுறை வாங்கிக் கொடுங்கள்.